இறங்காமல்

பைக்குள் போன் அடித்தது. அப்பாதான், வேறு யார், சனிக்கிழமை காலை டூட்டி முடித்து டிப்போ குழாயில் முகம் கழுவி டிபன் கேரியரைத் திறப்பதற்கு முன்னால் மகளைக் கூப்பிடுகிற நேரம் அவருக்கு இதுதான், அங்கே மதியச் சாப்பாடு, இங்கே புல்லில் பனி ஈரமே இன்னும் காயவில்லை, எடுக்க முடியாதுப்பா, மன்னிச்சுக்கோங்க, எடுக்க வேண்டுமென்றால் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து விட வேண்டும், விட்டால் உங்கள் மகள் செண்பகவல்லி அடுத்த நொடியே கால்வாய்க்குள் வாத்துகளோடு கிடப்பாள், இல்லாவிட்டால் நிறுத்தி இறங்க வேண்டும், இறங்குவதில்லை என்று காலையில் பல் துலக்கும்போதே கண்ணாடியைப் பார்த்துச் சத்தியம் செய்தாயிற்று. வாய் நிறைய நுரையோடு செய்த சத்தியம் செல்லுமா செல்லாதா தெரியவில்லை, ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். க்ரோனிங்கன் ஊரிலிருந்து கால்வாய்க்கரையோடு போய் ஃபெம்கேயின் கிராமம் வரைக்கும், எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும், ஒரு அடிகூடத் தள்ளிக்கொண்டு போகாமல் ஓட்டியே போய்ச் சேர வேண்டும். இன்று விட்டால் இனிமேல் இல்லை. நெதர்லாந்துக்கு ஒரு பருவம் படிக்க வந்தவளுக்குக் கடைசி மூன்று வாரம்தான் மிச்சம், இந்தச் சைக்கிளுக்கோ இன்றுதான் கடைசி நாள், இது அறைத்தோழி ஃபெம்கேயின் அம்மாவுடையது, அந்த அம்மாவுக்கு இன்று பிறந்தநாள், விருந்துக்கு வரும்போது சைக்கிளையும் கொண்டுவந்துவிடு, கோடையில் உறவுக்காரர்கள் வருவார்கள், வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஃபெம்கே நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். அவள் அப்பா வேனில் ஏற்றிக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னார். வேண்டாம், நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று செண்பா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் மறைப்பானேன். போன் அடித்து ஓய்ந்தது.

தள்ளிக்கொண்டு போவதென்றால் அவளை மிஞ்ச இந்த நாட்டில் ஆளே கிடையாது. பிப்ரவரியில் வந்து இறங்கிய வாரமே ஃபெம்கே இந்தச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள், கறுப்பு, நல்ல உயரம், எருமைக்கடா ஜாடை, "இது இல்லாம இந்த ஊர்ல ஒண்ணும் நடக்காது" என்று சாவியைக் கையில் வைத்தாள், செண்பாவும் ரொம்ப நன்றி என்று வாங்கிக்கொண்டாளே ஒழிய எனக்கு ஓட்டத் தெரியாது என்கிற பேச்சு மட்டும் தொண்டையை விட்டு மேலே வரவில்லை. எப்படி வரும், பால்குடி மறந்த பிள்ளைகளெல்லாம் அப்பாவுக்கு முன்னால் மிதித்துக்கொண்டு போகிற ஊரில், வயிற்றுப்பிள்ளைக்காரி ஓட்டுகிறாள், மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தன் ஓட்டுகிறான், கொட்டுகிற மழையில் ஒரு கையில் குடையோடு வக்கீல் மாதிரி உடுத்திக்கொண்டு ஓட்டுகிறார்கள், இருபது வயசுக் கழுதை, தெரியாது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவாள். அதனால் தள்ளினாள். வகுப்புக்குத் தள்ளினாள், கடைக்குத் தள்ளினாள், ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டுத் தள்ளினாள், யாராவது கேட்டால் சங்கிலி கழன்றுவிட்டது, காற்று இறங்கிவிட்டது, முழங்கால் பிடித்துக்கொண்டது, ஒரு வாரம் சைக்கிளுக்கு வியாதி, மறு வாரம் அவளுக்கு வியாதி. ஏப்ரலில் ஒருநாள் ஃபெம்கே பொறுக்காமல் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சங்கிலியைத் தொட்டுப் பார்த்து, கடைசியில் குத்துக்காலிட்டபடியே நிமிர்ந்தாள். "செண்பா, சைக்கிளுக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள். "தெரியும்" என்றாள் செண்பா. அவ்வளவுதான், காது வரைக்கும் சூடு ஏறிவிட்டது, சிரித்துத் தொலைத்தாலாவது பரவாயில்லை, அவள் சிரிக்கவும் இல்லை, கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே "ஞாயித்துக்கிழமை சீக்கிரம் எந்திரி" என்று மட்டும் சொன்னாள்.

சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடம், ஞாயிறு காலையில் ஈ காக்கை இருக்காது. அங்கேதான் ஆறேழு ஞாயிறு, இரண்டு முழங்காலிலும் மாறி மாறிச் சிராய்ப்பு. இந்தச் சைக்கிளுக்குக் கையில் பிரேக் கிடையாது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும், அதை ஃபெம்கே தெளிவாகத்தான் சொன்னாள், ஆனால் சைக்கிள் என்றால் செண்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அருப்புக்கோட்டைத் தெருவில் பையன்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா பின்னால் சுற்றுவார்களே, கிர்ர் என்று ஒரு சத்தம் வருமே, அது, எத்தனை வருஷம் வாசலில் நின்று பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்ட சத்தம், ஆகவே முதல் தடவையாகச் சக்கரம் தானாக உருண்டதும் அவளுடைய கால் அவளைக் கேட்காமலே ஒய்யாரமாகப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றியது. வண்டி நின்றது. அவள் நிற்கவில்லை. ஃபெம்கே ஓடிவந்து தூக்கி, "ஏன் திடீர்னு பிரேக் போட்ட" என்று கேட்டதற்கு அந்தக் கிர்ரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள், ஃபெம்கேயும் என்ன ஏதென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். அன்றைக்குத்தான் இவள் தோழி என்று பட்டது.

காற்று முகத்தில் மோதுகிறது, இந்த ஊர்க் காற்றுக்கு வேறு வேலையே இல்லை, எந்தப் பக்கம் போனாலும் எதிர்க்காற்றுதான், தொடை இறுகுகிறது, பார்வை சக்கரத்துக்குப் போகக்கூடாது, தூரத்தில் வை, தூரத்தில் வை என்பாள் ஃபெம்கே, சரி, தூரத்தில் ஆடுகள், கொழுத்த ஆடுகள், கரைமேட்டின் சரிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே மேய்கின்றன, ஆட்டைப் பார்த்தால் சைக்கிளும் ஆட்டுப் பக்கமே போகிறது, வேண்டாம், ரோட்டைப் பார். ஹெ, ஃபெ, லி, சி, டேர்ட். மிதிக்கு ஓர் அசை. வாழ்த்துகள் என்று அர்த்தம், காறித் துப்பப் போகிறவன் மாதிரி தொண்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் பிறந்தநாள்காரிக்கு மட்டும் சொன்னால் போதாதாம், வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரிடமும் போய்க் கை கொடுத்து, உங்கள் மனைவி பிறந்ததற்கு வாழ்த்துகள், உங்கள் அம்மா பிறந்ததற்கு வாழ்த்துகள், பக்கத்து வீட்டுக்காரரே உங்கள் பக்கத்து வீட்டு அம்மா பிறந்ததற்கும் வாழ்த்துகள், பிறந்தது ஒரு ஆள், பெருமை ஊருக்கெல்லாம். நல்ல பழக்கம்தான். ஹெ, ஃபெ, லி, என்று வந்த இடத்தில் மறுபடி போன் அடித்தது, அசை தப்பியது, கால் தடுமாறியது, முன்சக்கரம் பாம்பாக நெளிந்து கரையோரம் வரை போய், போய், வந்துவிட்டது. அப்பா, கொஞ்சம் பொறுங்கப்பா, ரசத்தைக் குடிங்க.

அவர் குடிக்க மாட்டார், போன் எடுக்காத மகளை நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அப்படித்தான் அன்றைக்கும் பிசைந்தார். பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அரசாங்கச் சைக்கிள் கொடுத்த நாள், மைதானத்தில் வரிசை வரிசையாக நிறுத்தி, சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல், ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள், போட்டோவில் பார்த்தால் செண்பாவும் பெரிய சைக்கிள்காரிதான். தெரிந்த பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு ஓட்டிப் போனார்கள், அவள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தாள், அப்போதுகூட வருத்தமில்லை, சாயங்காலம் அப்பா வந்ததும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவார், ஒரே வாரத்தில் பழகிவிடலாம் என்று வாசலிலேயே காத்திருந்தாள். அப்பா வந்தார். சைக்கிளைப் பார்த்தார். பேசாமல் உள்ளே போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், வாயில் வைக்கவே இல்லை. அம்மா கேட்ட பிறகுதான் வந்தது பேச்சு. பந்தல்குடி ரோட்டில் அதே நிறச் சைக்கிளில் அதே யூனிபாரத்தில் ஒரு பிள்ளை, அவர் ஓட்டிய பஸ்ஸுக்கு நேர் முன்னால் விழுந்திருக்கிறது, பிரேக் பிடித்துவிட்டது, சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். "அந்தப் பிள்ள எந்திரிச்சுத் தூசியத் தட்டிட்டுப் போயிருச்சு. எனக்குத்தான் சீட்ட விட்டு எந்திரிக்க முடியல" என்றார் அப்பா, டிரைவர் குருசாமி. மறுநாள் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுக் கிடந்தது. இரண்டு வருஷமும் அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம், எஞ்சின் பக்கத்துச் சீட்டில், காலில் சூடு அடிக்க. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள், அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, அவருடைய பயத்தில் பாதி அவளிடம் வந்து குடியேறிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால்தான் இங்கே வந்தும் பொய். "எங்க போனாலும் பஸ்ஸுதாம்ப்பா" என்று முதல் மாதக் கடைசியில் சொன்னாள், அவர் முகம் அப்படிப் பூத்தது, அந்த ஊர் டிரைவர்களெல்லாம் எப்படி என்று ஆசையாகக் கேட்டார், ஒரு டிரைவரையும் உற்றுப் பார்த்திராத செண்பா போகிற போக்கில் யான் என்று ஒருவரை உண்டுபண்ணினாள், யான் நல்ல மாதிரி, யான் அவளைப் பார்த்தால் சிரிப்பார், யானுக்கு முழங்கால் வலி. முழங்கால் வலி எதற்கு என்று அவளுக்கே தெரியாது, சைக்கிளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அன்று முதல் எல்லாச் சனிக்கிழமையும் யான் எப்படி இருக்கிறார், லீவு போட்டாரா, ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்தாயா. நல்ல மனுஷருக்குப் பிறந்து இப்படிப் புளுகுகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும், அடுத்த சனிக்கிழமை யானுக்கு ஒரு பேரனும் பிறந்துவிடுவான்.

டிங் டிங் டிங் என்று மணி, இது போன் இல்லை, முன்னால் சிவப்பு விளக்கு, குறுக்குக் கம்பு இறங்குகிறது, கால்வாய்ப் பாலம் இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து எழும்புகிறது, யாரோ பாய்மரப் படகில் உல்லாசமாக வருகிறார்கள், உங்களுக்கு இன்றைக்குத்தானா வர வேண்டும். பின்மிதி, மெதுவாக, மெதுவாக, நின்றது, இடது கால் நுனி தரையில். இறங்கினதாகக் கணக்கா. இல்லை, பின்பக்கம் சீட்டிலேயே இருக்கிறவரை இறங்கினதாகக் கணக்கில்லை, தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, மேல்முறையீடு கிடையாது. ஆனால் இனிமேல்தான் கண்டம். ஓட்டுவது வேறு, ஓட்ட ஆரம்பிப்பது வேறு, ஆரம்பிக்கும்போது ஃபெம்கேயின் கை எப்போதும் முதுகில் இருக்கும், இன்று வீட்டு வாசலிலிருந்து கிளம்பியபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள், இங்கே சுற்றிலும் சைக்கிள்காரர்கள் வந்து நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், பிடித்துக்கொள்வதென்றால் யாருடைய தோளையாவதுதான் பிடிக்க வேண்டும். பக்கத்தில் முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் ஒரு பெண், பெட்டிக்குள் இரண்டு வாண்டுகளும் ஒரு நாயும். மூன்றாவது தடவையாகப் போன் அடித்தது. "உங்க போன்" என்றாள் அந்தப் பெண் ஆங்கிலத்தில். "எங்கப்பா" என்றாள் செண்பா. "அப்பாதானே, அப்பாங்க காத்திருப்பாங்க" என்று அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். காத்திருப்பார், அதுதானே கஷ்டம். இப்போது எடுக்கலாம், ஒரு கால் தரையில் இருக்கிறது, இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன, ஒரு சாக்கும் இல்லை, ஆனால் எடுத்தால் பஸ்ல போறியா தாயி என்பார், ஆமாம்ப்பா என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிடும், சொன்ன பிறகு இந்தக் கால் எழும்பாது, அவளுக்கு நன்றாகத் தெரியும், அவர் குரலுக்கு அந்த வலு உண்டு, எஞ்சின் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார வைத்துவிடும். எடுக்கவில்லை. அப்பா கூப்பிட்டு அவள் வேண்டுமென்றே எடுக்காமல் விட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. கண் கலங்கியது, காற்று என்று வைத்துக்கொண்டாள்.

பாலம் இறங்கியது, கம்பு எழுந்தது, எல்லோரும் சர்ரென்று புறப்பட்டுப் போனார்கள், அவள் அப்படியே நின்றாள். கால் வர மாட்டேன் என்கிறது. பெட்டிக்குள் இருந்த சின்னது எட்டிப் பார்த்து, பாலம் தாண்டுகிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்து, நாக்கை வேறு துருத்தியது. வலது பெடலை மேலே கொண்டு வா. வந்தது. பார்வை தூரத்தில். தூரத்தில் அந்த நாக்குதான் தெரிகிறது, இருக்கட்டும். அமுக்கு. அமுக்கினாள், சைக்கிள் ஒரு முறை குடிகாரனாகத் தள்ளாடி, இன்னொரு முறை தள்ளாடி, பாலத்தின் இரும்புப் பட்டியில் கடகடவென்று பல் அதிர ஏறி, இறங்கி, அந்தப் பக்கம் போய்விட்டது. போய்விட்டோம். முதுகில் யார் கையும் இல்லை, காற்றுத்தான் இருந்தது, அடடா, பாலத்துக்கு அப்புறம் ரோடு வளைகிறது, எதிர்க்காற்று இப்போது பின்காற்று, யாரோ அலாக்காகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மிதிக்காமலே போகிறது, ஆடு, மாடு, குஞ்சுகளோடு கறுப்பு நீர்க்கோழி, செம்பருத்தி நிற ஓட்டு வீடு, எல்லாம் பின்னால் பின்னால், சக்கரத்தின் நினைவே இல்லை, காலின் நினைவே இல்லை, எவ்வளவு நேரமாக இல்லை என்று யோசித்தபோது கொஞ்சம் பயம் எட்டிப் பார்த்தது, பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது. இதையா பூட்டி வைத்தோம், மாடிப்படிக்கு அடியில் இவ்வளவு பெரிய சந்தோஷத்தையா சங்கிலி போட்டுக் கட்டினோம் என்று வாய்விட்டுக் கத்தினாள், தமிழில்தான், மாடு ஒன்று திரும்பிப் பார்த்தது. வியர்வை, சிரிப்பு, மூக்கில் நீர், எல்லாம் ஒன்றாக வழிந்தது, துடைக்கக் கை கிடையாது, வழியட்டும்.

வேலியில் தோரணக் கொடி கட்டிய வீடு, தோட்டத்துப் புல்லில் வட்டமாக நாற்காலிகள், ஃபெம்கே வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பின்மிதி. நின்றது. இப்போது இறங்கலாம், இறங்கினாள். வட்டத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேருக்கும் கை கொடுத்து ஹெஃபெலிசிடேர்ட் சொன்னாள், பதினைந்தாவது ஆளிடம் தொண்டை சரியாகக் காறிவிட்டது, அவர் கை தட்டினார். உட்காருவதற்குள் போன். வீடியோ. வேலிப் பக்கம் ஒதுங்கி எடுத்தாள், காக்கிச் சட்டையும் திறக்காத கேரியருமாக அப்பா.

"ஏந்தாயி, எத்தன தடவ அடிக்கிறது. பஸ்ல இருக்கியா?"

"இல்லப்பா. சைக்கிள்ல வந்தேன். நானே ஓட்டிட்டு வந்தேன், அதான் எடுக்க முடியல."

அவருக்குப் பின்னால் டிப்போவில் ஏதோ பஸ் உறுமிக்கொண்டே இருந்தது.

"ஏன், யானு இன்னைக்கு வரலியா?"

"யானுன்னு யாரும் இல்லப்பா. நீங்க பயப்படுவீங்கன்னு நானா சொன்னது."

"இல்லியா." அவர் முகம் விழுந்துவிட்டது. "அவரு முழங்காலுக்கு நான் தைலமெல்லாம் சொன்னேனே."

அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன, இரண்டையும் விழுங்கினாள், திட்டுவார், திட்டட்டும், திட்டினால் நல்லது, பேசாமல் இருந்தால்தான் தாங்காது. அவர் திட்டவில்லை. பிறகு கேரியரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "ஓட்டு பாப்போம்" என்றார்.

போனை ஃபெம்கேயிடம் கொடுத்தாள், சுவரும் தேடவில்லை, ஏறினாள், அமுக்கினாள், தெருவில் இறங்கிப் பத்து மிதி போயிருப்பாள், ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் தெருவையே தூக்கியது. "ராங் சைடு, ராங் சைடு, இடது பக்கம் வா தாயி, இடது பக்கம்." வட்டத்தில் இருந்த பதினைந்து பேரும் திரும்பினார்கள். அதற்குள் டிப்போவில் யாரோ, கண்டக்டர் ஜேசுராஜ் மாமா குரல்தான், "யோவ், அந்த ஊர்ல எல்லாரும் வலது பக்கந்தான்யா போவாங்க, சும்மா இரும்" என்று அதட்டுவது கேட்டது. செண்பாவுக்குச் சிரிப்பில் ஹேண்டில்பார் ஆடியது, ஆனாலும் விழவில்லை, தெருக்கோடி வரை போய், கால் ஊன்றாமல் ஒரே வட்டமாகத் திரும்பி, வலது பக்கமாகவே வந்து நின்றாள். போனில் இப்போது அப்பா மட்டும் இல்லை, அரை டிப்போவே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பிரேக்க எதுல புடிக்கிற, கையில ஒண்ணையும் காணோம்?" என்றார் அப்பா.

"கால்லப்பா. பின்னால மிதிச்சா நிக்கும்."

"கால்லயா." அவர் ஜேசுராஜைப் பார்த்தார், திரும்பி அவளைப் பார்த்தார், டிரைவர் பார்வை, சக்கரத்திலிருந்து மேல்வரைக்கும் ஒரு சோதனை. "நம்ம வண்டி மாதிரி. அது நல்லது." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்த முகத்தைக் கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவில்லை. "இனி எதுல திரும்பிப் போவ?"

"பஸ்லதாம்ப்பா. சைக்கிள இன்னைக்கு ஃபெம்கே அம்மாகிட்ட திருப்பிக் குடுக்கணும்."

"பஸ்ல என்னத்துக்கு" என்றார் டிரைவர் குருசாமி. "நீ ஊருக்கு வர இன்னும் மூணு வாரம் கிடக்குல்ல. அந்த அம்மாகிட்ட நான் கேட்டேன்னு கேட்டுப் பாரு, அதுவரைக்கும் வச்சுக்கிறோம்னு."

பிறந்தநாள்காரி வட்டத்தின் நடுவில் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். செண்பா சைக்கிளிலிருந்து இறங்காமலே, உங்களிடம் எங்கப்பா ஒன்று கேட்கச் சொல்கிறார் என்று ஆரம்பித்தாள்.